மூக்குப்பேணியில் கலக்கும் விஸ்கி: வன்னி வெயிலுக்கு ஒரு செய்முறை

மூன்று வருடத்துக்கு முன் ஆடி மாதம் ரொறன்ரோவிலிருந்து மச்சான் வந்திருந்தார். பெட்டிக்குள் ஒரு ரை விஸ்கியும், பெனடிக்டின் என்ற இனிப்பு மூலிகை மது (லிக்யூர்) ஒரு போத்தலும். வெள்ளிக்கிழமை இரவுகளில் தன் வீட்டில் தானே கலந்து குடிக்கும் பானத்தை எங்களுக்கும் தரவேண்டும் என்று அவருக்கு நல்ல ஆசை. கிளிநொச்சியில் எங்கள் விறாந்தையில், பின்னேரம் ஐந்து மணிக்கு, சோளகம் புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருக்கும்போது கலந்தார். போத்தல் அதுவே, அளவும் அதுவே, கையும் அதே கை. கிளாஸில் வந்தது சீனித்தண்ணீர். ‘ஐஸ் கூடிப் போச்சு’ என்று அடுத்த தரம் பாதி ஐஸ் போட்டார். அது இன்னும் தண்ணீராக வந்தது. மூன்றாம் தரம் அவர் கலக்கவில்லை. போத்தலை மூடி வைத்துவிட்டுத் தேத்தண்ணி கேட்டார்.

நான் ஆறு வருடம் கொழும்பில் ஒரு ஹோட்டல் பாரில் வேலை செய்தவன். அங்கே இப்படி ஒருநாளும் நடக்கவில்லை. அது குளிரூட்டிய அறை, ஐஸ் இயந்திரம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மச்சான் போன பிறகு, அவர் விட்டுப்போன மிச்சத்தை வைத்துக்கொண்டு, ஒரு சிரிஞ்சும் ஒரு வெப்பமானியும் வாங்கி, எங்கே பிழைத்தது என்று பொறுமையாகப் பார்த்தேன். பிழை தண்ணீரில் இருந்தது. இந்த வகைப் பானத்தில் கிளாஸுக்குள் போவதில் நாலில் ஒரு பங்கு ஐஸ் உருகிய தண்ணீர். விஸ்கியைச் சொட்டுக் கணக்கில் அளக்கிறோம், அந்த நாலில் ஒரு பங்கை யாரும் அளப்பதில்லை. குளிர் நாட்டில் அது ஏறத்தாழத் தானாகவே சரியாக வந்துவிடும். வன்னியில் வராது, நாங்கள்தான் வரவழைக்க வேண்டும். கீழே எழுதியிருப்பதெல்லாம் அதற்கான வழி.

தொடங்க முன் ஒரு சொல். இலங்கையில் 21 வயது ஆகாதவர்களுக்கு மது விற்கக் கூடாது, போயா நாட்களில் மதுக்கடைகள் பூட்டு. நான் சொல்லப்போகும் ஒரு சின்னக் கிளாஸில் சுத்த மதுசாரம் 30 மி.லீ. இருக்கும். 4.8 வீத பியர் 625 மி.லீ. பெரிய போத்தல் ஒன்றில் இருப்பதும் அவ்வளவுதான். கிளாஸ் சின்னது என்று நினைத்து ஏமாறக் கூடாது. குடி எத்தனை வீட்டின் அடுப்பை அணைத்தது என்று வன்னியில் எவருக்கும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. என் வீட்டு முறை இது: ஒரு கிளாஸ், இரவுச் சாப்பாட்டுக்கு முன், அதற்குப் பிறகு மோட்டார் சைக்கிள் சாவியைத் தொடுவதில்லை. நித்திரைக்கோ, வலிப்புக்கோ, சர்க்கரைக்கோ மருந்து எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

எதைக் கலக்கப் போகிறோம்

பழகுவதற்கு ஒரே ஒரு பானம் போதும். ரை விஸ்கி 60 மி.லீ., பெனடிக்டின் 15 மி.லீ., அங்கொஸ்துரா பிற்றர்ஸ் என்ற கசப்புச் சாறு இரண்டு உதறல். பார்களில் இதை மொண்டே கார்லோ என்பார்கள். மூன்றே சாமான், அதனால் பிழை விட்டால் எங்கே விட்டோம் என்று உடனே தெரியும்.

இதைக் குலுக்குவதில்லை, கரண்டியால் கலக்குவதுதான். தேசிக்காய்ச் சாறு, பழச்சாறு, முட்டை வெள்ளைக்கரு சேரும் பானங்களைத்தான் குலுக்குவார்கள். குலுக்கினால் காற்றுக் குமிழிகளும் ஐஸ் துருவலும் உள்ளே போய்ப் பானம் மங்கலாகி நுரை கட்டும். விஸ்கியும் லிக்யூரும் மட்டும் இருக்கும் இடத்தில் அந்த நுரையால் பயனில்லை. கலக்கினால் தெளிவாக, எண்ணெய் போல வழவழப்பாக, நாக்கில் பாரமாக இருக்கும். அந்தப் பாரம்தான் இந்தப் பானத்தின் சுகமே.

போத்தல்கள்

ரை என்பது ஒரு தானியம், கோதுமைக்குச் சொந்தக்காரன். அமெரிக்காவில் ரை விஸ்கி என்று போட வேண்டுமானால் தானியக் கலவையில் குறைந்தது 51 வீதம் ரை இருக்க வேண்டும். கனடாவில் அப்படி இல்லை, வழக்கத்தில் கனடா விஸ்கி எல்லாவற்றையுமே ரை என்று சொல்லிக்கொள்ளலாம், உள்ளே சோளம் கூட இருந்தாலும். எங்கள் ஆட்கள் கனடாவிலிருந்து கொண்டுவரும் போத்தல்களில் பலது இந்த வகை. மென்மையாக இருக்கும், மிளகுக் காரம் குறைவு. அதனால் லிக்யூரை 15 மி.லீ. போடாமல் 12 போட்டுப் பாருங்கள். பேர்பன் என்ற அமெரிக்கச் சோள விஸ்கி கிடைத்தால் அது இன்னும் இனிப்பு, 10 மி.லீ. போதும். தென்னஞ்சாராயத்திலும் செய்து பார்த்தேன். நல்லதுதான், ஆனால் அது வேறொரு பானம், அதைப் பழகுவதற்கு முதல் பாடமாக வைக்க வேண்டாம்.

பெனடிக்டின் பிரான்ஸின் நோர்மண்டிக் கரையில் ஃபெகாம் என்ற ஊரில் செய்வது. 1863இல் அலெக்சாந்த்ர் லெ கிராண் என்ற வணிகர் தொடங்கினார். பழைய மடத்துத் துறவிகளின் செய்முறை என்று சொல்லி விற்றார், பெயரும் அப்படி வந்ததுதான். 27 மூலிகையும் வாசனைச் சரக்கும் சேர்கின்றன என்று அவர்களே சொல்கிறார்கள், 40 வீதம் மதுசாரம். முதன்முதலில் மூடியைத் திறந்து மணந்தபோது எனக்குப் பிள்ளைப்பெற்ற வீட்டில் அரைக்கும் பத்தியச் சரக்குத்தான் ஞாபகம் வந்தது. அதில் தேனை ஊற்றினால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு வாசம். லிக்யூர் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு இப்படித்தான் சொல்வேன்: கஷாயத்தைத் தண்ணீரில் வைக்காமல் மதுவில் வைத்து, பிறகு இனிப்பாக்கியது.

அங்கொஸ்துரா கைக்கு அடங்கும் போத்தல், தாள் சட்டை அதன் கழுத்துவரை பெரிதாக நிற்கும். சீகெர்ட் என்ற ஜேர்மன் வைத்தியர் 1824இல் வெனிசுவேலாவின் அங்கொஸ்துரா நகரத்தில் வயிற்றுக்கு மருந்தாகச் செய்தது, இப்போது டிரினிடாட்டில் செய்கிறார்கள். கசப்பு, கராம்பு, மரப்பட்டை வாசம். ஒரு உதறலுக்கு ஒரு மி.லீ.கூட வராது என்பதால் ஒரு போத்தல் வருடக்கணக்கில் நிற்கும். இதைத் தவிர்க்க வேண்டாம். பாயாசத்தில் ஒரு சிட்டிகை உப்புப் போடுவது எதற்கோ அதற்குத்தான் இதுவும், இனிப்புக்கு ஒரு கரை கட்டிவிடும்.

கசிப்பை, அதாவது கள்ளச்சாராயத்தை, மட்டும் இந்தப் பக்கம் கொண்டுவரவே வேண்டாம். எந்த மூலிகையும் அதைத் திருத்தாது. அதில் மெதனோல் என்ற நச்சு மதுசாரம் கலந்திருந்தால் நாக்குக்குத் தெரியாது, கண் போகும், உயிரும் போகும்.

ஐஸ்

வேலையில் பாதி இங்கேதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் தண்ணீர். எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் கடினம், கேத்தலில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதை ஐஸாக்கினால் அதே வெள்ளை கிளாஸின் அடியில் தூளாக வந்து நிற்கும், ஒரு சவர்ச் சுவையும் வரும். குடிப்பதற்கு வாங்கும் வடிகட்டிய தண்ணீரையே ஐஸுக்கும் வையுங்கள். மீனுக்குப் போடும் ஐஸை உடைத்துப் போடலாமா என்று ஒரு பெடியன் கேட்டான். கூடாது. அது மீனுக்கு உரியது, குடிக்கிற தண்ணீரில் செய்தது என்று நம்ப முடியாது, தரையிலும் லொறியிலும் இழுபட்டது.

அடுத்தது நாற்றம். வன்னியில் ஃப்ரீசர் இருக்கிற வீட்டில் மீனும் இருக்கும், இறாலும் இருக்கும். ஐஸ் எல்லா வாசத்தையும் உறிஞ்சும். மூடியுள்ள பெட்டியில் உறைய வையுங்கள், உறைந்ததும் தடித்த பொலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். ஒரு கிழமைக்கு மேல் வைத்த ஐஸைத் தேசிக்காய்த் தண்ணிக்கு விட்டுவிடுங்கள்.

பெரிய கட்டி வேண்டும். ஃப்ரீசரோடு வரும் தட்டின் சின்னக் கட்டிகள் இந்த வெயிலில் கரண்டி படமுன்பே பாதி போய்விடும். நான் செய்வது இப்படி: மீன் வியாபாரிகள் வைத்திருக்கும் ரெஜிபோம் பெட்டியில் ஆகச் சின்னது ஒன்று புதிதாக வாங்கினேன். மூடி இல்லாமல் முக்கால்வாசி தண்ணீர் விட்டு ஃப்ரீசரில் வைப்பேன். பக்கமும் அடியும் தடித்திருப்பதால் குளிர் மேலிருந்து மட்டும்தான் இறங்கும். ஐஸ் மேலிருந்து கீழாக உறையும்போது காற்றையும் உப்பையும் கீழே தள்ளிக்கொண்டே போகும். மேல்பாதி கண்ணாடி போலத் தெளிவாக வரும். இருபது மணி நேரமளவில், அடியில் இன்னும் தண்ணீர் இருக்கும்போதே எடுத்துக் கவிழ்த்து, அந்த அடித்தண்ணீரை ஊற்றிவிடுங்கள். நாற்றம் பிடிக்கக்கூடாதென்றால் இந்த ஒரு நாளைக்கு மட்டும் மீனை வேறு தட்டில் இறுக்கி மூடி வைக்க வேண்டும். கட்டியைப் பத்து நிமிடம் வெளியே விட்டு, வெள்ளை வெடிப்பு அடங்கிய பிறகு, பாண் வெட்டும் பல் கத்தியை வைத்து மேலே ஒரு உலக்கைத் துண்டால் மெல்லத் தட்டினால் நேராகப் பிளக்கும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு தட்டினால் சிதறும். பிளந்த துண்டுகளை, ஒவ்வொன்றும் தோடம்பழத்தில் கால்வாசி அளவு, பையில் போட்டுத் திரும்ப உறைய விடுங்கள். தெளிவு வராவிட்டால் ஒன்றும் குடி முழுகாது. கட்டி பெரிதாகவும் வாசம் இல்லாமலும் இருந்தால் சரி.

ஏன் தண்ணீராகிறது: ஒரு சின்னக் கணக்கு

இதைத் தெரிந்துகொண்டால் பிறகு செய்முறை மனப்பாடமாகத் தேவையில்லை. ஒரு கிராம் ஐஸ் உருக 80 கலோரி வெப்பம் வேண்டும், அந்த வெப்பத்தை அது சுற்றியிருப்பதிலிருந்து உறிஞ்சுகிறது. விஸ்கி குளிர்வது அப்படித்தான். உருகாமல் குளிராது. எங்கள் விறாந்தையில் 33 பாகையில் இருக்கும் 75 மி.லீ. கலவை பூச்சியத்துக்குக் கீழே மூன்று பாகைவரை இறங்க ஏறத்தாழ 30 கிராம் ஐஸ் உருக வேண்டும். அதே கலவை 20 பாகையில் தொடங்கினால் 19 கிராம் போதும். மச்சானின் வீட்டுக்கும் என் விறாந்தைக்கும் உள்ள வித்தியாசம் முதலில் இது.

இரண்டாவது வித்தியாசத்தை நான் கனகாலம் கவனிக்கவே இல்லை: பாத்திரம். மச்சான் கலந்தது ஒரு தடித்த கண்ணாடிச் சாடியில். 300 கிராம் கண்ணாடி 33 பாகையில் இருந்தால், அதைக் குளிரவைக்க மட்டும் இன்னொரு 27 கிராம் ஐஸ் உருகும். விஸ்கிக்குச் சமமான தண்ணீர் சாடிக்காகவே போகிறது! 100 கிராம் மெல்லிய சில்வர் பேணிக்கு ஐந்து கிராம்தான் போகும்.

ஐஸைக் குறைத்தபோது ஏன் இன்னும் தண்ணீரானது? ஃப்ரீசரிலிருந்து வரும் ஐஸ் பூச்சியத்தில் இல்லை, அதற்கும் பதினைந்து பதினெட்டுப் பாகை கீழே இருக்கும். அந்தக் குளிரை அது உருகாமலே தரும். பேணி நிறைய ஐஸ் இருந்தால் அந்த இனாம் குளிர் நிறையக் கிடைக்கும். நாலு கட்டி மட்டும் போட்டால் அந்த இனாம் உடனே தீர்ந்து, மிச்சம் எல்லாம் உருகித்தான் ஆகவேண்டும். கலக்குகிற நேரமும் கூடும், வெளிவெயிலும் உள்ளே வரும். ‘ஐஸ் நிறையப் போட்டால் தண்ணியாகிடாதோ மச்சான்?’ என்று இப்போதும் ஒவ்வொருவரும் கேட்கிறார்கள். குறையப் போட்டால்தான் ஆகும்.

பூச்சியத்துக்குக் கீழே எப்படிப் போகிறது என்று யோசிக்கிறவர்களுக்கு: ஐஸில் உப்புச் சேர்த்தால் குளிர் கூடும் என்று ஐஸ்பழம் செய்தவர்களுக்குத் தெரியும். மதுசாரமும் அதே வேலையைச் செய்கிறது.

பேணி, கரண்டி, அளவு

பெரிய கடைகளில் விற்கும் கலக்குக் கிளாஸும் முறுக்குக் கரண்டியும் வேண்டாம். எங்கள் வீட்டில் ஒரு சில்வர் மூக்குப்பேணி இருக்கிறது, இந்த வேலைக்கென்றே செய்தது போல. மெல்லிய தகடு, உள்ளே உருண்டை, ஊற்றும்போது கட்டிகள் மூக்கில் முட்டி நின்றுவிடும். பழைய பித்தளைப் பேணி இருந்தால் அது அலுமாரியிலேயே இருக்கட்டும், உள்ளே என்ன பூசியிருக்கிறார்கள் என்று தெரியாமல் மதுவை ஊற்றக் கூடாது. மூக்குப்பேணி இல்லாவிட்டால் சாதாரண சில்வர் பேணியும் தேத்தண்ணி வடியும் போதும்.

கரண்டிக்குப் பலூடா குடிக்கும் நீட்டுக் கரண்டி. அளவுக்கு மருந்துக்கடையில் ஊசி இல்லாத 20 மி.லீ. சிரிஞ்ச். மேசைக்கரண்டி ஒன்றுக்கு 15 மி.லீ. என்று சொல்வார்கள், ஆனால் வீட்டுக் கரண்டிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை, சிரிஞ்சை நம்புங்கள்.

கலக்குதல்

குடிக்கும் கிளாஸை ஃப்ரீசரில் வையுங்கள். பேணியையும் கூடவே. விஸ்கிப் போத்தலை ஃப்ரீசரில் வைக்க வேண்டாம், பிரிட்ஜ் கதவில் அரை மணி நேரம் போதும். தொட்டால் லேசாகக் குளிர வேண்டும், போத்தலில் வியர்வை ஓடக் கூடாது. ஃப்ரீசரில் வைத்த விஸ்கி ஐஸை உருக்காது, தண்ணீர் சேராது, நாக்கைச் சுடும். குளிர்ந்தும் காரமாக இருக்கும் பானத்தைப் பலர் ‘ஸ்ட்ரோங்’ என்று பாராட்டுகிறார்கள். எனக்கு அது பச்சை அரிசியைக் கடிப்பது போல.

பேணியில் முதலில் பிற்றர்ஸ், பிறகு பெனடிக்டின், பிறகு விஸ்கி. விலை குறைந்த அளவிலிருந்து கூடிய அளவுக்குப் போனால், நடுவில் பிழை விட்டாலும் விஸ்கி வீணாகாது. இனி ஐஸை எடுங்கள். மேலே ஈரம் ஓடினால் உதறிவிட்டுப் போடுங்கள், அந்த ஈரமும் கணக்கில் வரும். மதுவின் மட்டத்துக்கு மேலே இரண்டு விரல் உயரம் ஐஸ் நிற்க வேண்டும்.

கரண்டியின் முதுகைப் பேணியின் உட்சுவரோடு ஒட்டி, அந்தச் சுவரைத் தடவிக்கொண்டே சுற்றுங்கள். கட்டிகள் எல்லாம் ஒன்றாக ஒரே கூட்டமாகச் சுழல வேண்டும். மணிக்கட்டு அசையத் தேவையில்லை, விரல்களே போதும். சடசடவென்று சத்தம் கேட்டால் கட்டிகள் மோதி உடைகின்றன, வேகத்தைக் குறையுங்கள். நல்லாகக் கலக்கினால் குளத்தில் தண்ணீர் சுழல்வது போல ஒரு மெல்லிய ஓசைதான் வரும். பெரிய கட்டி என்றால் முப்பது விநாடி, நாற்பது சுற்று அளவில். சின்னக் கட்டி என்றால் இருபது விநாடியில் நிறுத்துங்கள். பதினைந்தாவது விநாடியில் கரண்டி நுனியால் ஒரு சொட்டு எடுத்துச் சுவையுங்கள், முப்பதில் திரும்பச் சுவையுங்கள். முதல் சொட்டில் மதுவின் சூடு தொண்டையில் முன்னுக்கு நிற்கும். இரண்டாவதில் அது பின்னுக்குப் போய்த் தேனும் சரக்கும் முன்னுக்கு வரும். அந்த இடம்தான் நிறுத்தும் இடம்.

உடனே ஊற்றுங்கள். போன் வந்தது, கோழி வாசலுக்கு வந்தது என்று வைத்துவிட்டுப் போனால் ஒரு நிமிடத்தில் எல்லாம் கெட்டுவிடும். கிளாஸில் ஐஸ் வேண்டாம், வேண்டுமானால் ஒரே ஒரு பெரிய கட்டி. மேலே தோடம்பழத் தோல். உள்ளூர்த் தோடம்பழத்தின் பச்சைத் தோலே நல்லது, அதில் எண்ணெய் நிறைய. பெருவிரல் அகலத்தில் வெள்ளை படாமல் சீவி, கிளாஸின் மேலே பிடித்து வளைத்துப் பிழியுங்கள், கண்ணுக்குத் தெரியாத தூவானமாக எண்ணெய் விழும். தோலைப் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி. தேசிக்காய்த் தோல் இதற்குக் கூர்மை கூடிவிடுகிறது.

ஊற்றியதை அளந்து பாருங்கள்

முதல் மூன்று நாலு தரம் குடிக்கும் கிளாஸில் ஊற்றமுன் சிரிஞ்சால் அளக்கச் சொல்கிறேன். 75 மி.லீ. உள்ளே போனது. 95 முதல் 100 வரை வெளியே வந்தால் சரி. 90க்குக் கீழே என்றால் இன்னும் பத்து விநாடி கலக்கியிருக்கலாம். 110ஐத் தாண்டினால் ஐஸ் ஈரம், அல்லது பேணி சுடுகிறது, அல்லது கட்டி சின்னது, அநேகமாக மூன்றும். ஒரு கொப்பியில் திகதி, நேரம், எத்தனை விநாடி, எத்தனை மி.லீ. என்று எழுதுங்கள். மார்கழி மழையில் வாடைக்காற்றோடு கலக்கிய நாளுக்கும் வைகாசி வெக்கைக்கும் என் கொப்பியில் பத்து விநாடி வித்தியாசம் இருக்கிறது.

பெனடிக்டின் கிடைக்காவிட்டால்

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ போய் மூலிகை லிக்யூர் தேடி அலைய வேண்டாம். வெளிநாட்டிலிருந்து யாராவது வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. எங்களிடம் சரக்கு இருக்கிறது, தேன் இருக்கிறது. ஸ்கொட்லாந்தில் ட்ராம்பூயி என்று ஒன்று செய்கிறார்கள், அதுவே ஸ்கொட்ச் விஸ்கியில் தேனும் மூலிகையும் சேர்த்ததுதான். அந்த வழியில் போகலாம்.

சாதாரண கலப்பு விஸ்கி 350 மி.லீ. எடுத்து, கொதிநீரில் கழுவிக் காயவைத்த ஜாம் போத்தலில் ஊற்றுங்கள். ஒரு தேக்கரண்டி மல்லியை வெறும் சட்டியில் மணம் வரும்வரை மட்டும் வறுத்துப் பாதியாக இடித்துப் போடுங்கள். ஏலக்காய் நாலு, தட்டி. கறுவா விரல் நீளம். நன்னாரி வேர் விரல் நீளத்தில் இரண்டு துண்டு, உள் நாரை விட்டுத் தோல் பக்கம் நசுக்கி, ஏனென்றால் வாசம் அந்தத் தோலில்தான். அரைத் தோடம்பழத்தின் தோல், வெள்ளை இல்லாமல், ஒரு நாள் நிழலில் காய்ந்தது. மூடி இருட்டில் வைத்து ஒரு நாளைக்கு ஒரு தரம் குலுக்குங்கள். நாலாம் நாள் கராம்பு இரண்டு போட்டு, ஐந்தாம் நாள் எல்லாவற்றையும் வடித்துவிடுங்கள். கராம்பை முதல் நாளே போட்டு நான் ஒரு போத்தலைப் பல்வலி மருந்தாக்கினேன். அது எல்லாவற்றையும் விழுங்கிவிடும், அதற்கு ஒரு நாள் போதும்.

வடித்ததில் காட்டுத்தேன் 120 கிராம். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கம் பாலை பூத்து முடிந்தபின் வரும் தேன் எனக்குப் பிடித்தது. தெரிந்த கையிடம் வாங்குங்கள், சீனிப்பாணி கலந்த தேனில் இது வெறும் இனிப்பாகத்தான் வரும். குலுக்கிக் கரைத்து இரண்டு கிழமை விடுங்கள். மெழுகும் தூளும் அடியில் படியும், மேலே தெளிந்ததைப் பழைய வேட்டித் துணியில் வடித்து எடுங்கள். கடைசியில் 32 வீதமளவில் நிற்கும். பெனடிக்டின் இடத்தில் அதே 15 மி.லீ., கலக்குவதில் ஐந்து விநாடி குறைக்கலாம்.

இரண்டு எச்சரிக்கை, இரண்டும் பாரதூரமானவை. மதுவை அடுப்பில் சூடாக்க வேண்டாம், அதன் ஆவி தீப்பிடிக்கும். தேன் கரையவில்லை என்றால் வெயிலில் வையுங்கள். அடுத்தது, காட்டில் நீங்களே தோண்டிய வேரைப் போட வேண்டாம். கார்த்திகைப்பூக் கிழங்கு எங்கள் வேலிகளில் எல்லாம் இருக்கிறது, அது ஆளைக் கொல்லும். மது விஷத்தை இன்னும் நன்றாகப் பிழிந்தெடுக்கும். நன்னாரியை மருந்துச் சரக்குக் கடையில் வாங்கி, மணந்து பார்த்துப் போடுங்கள். ஊற வைப்பதோடு நிறுத்துங்கள், வீட்டில் வடிசாராயம் காய்ச்சுவது சட்டப்படி குற்றம், ஆபத்தும்.

கை பழகிய பிறகு

ஸ்கொட்ச் 50, ட்ராம்பூயி 20, பிற்றர்ஸ் ஒரு உதறல். இது ரஸ்ரி நெயில், வீட்டு லிக்யூரிலும் நன்றாக வரும்.

ஐரிஷ் விஸ்கி 45, இனிப்பு வெர்மூத் 25, பச்சை ஷார்த்ரூஸ் 10. இதன் பெயர் டிப்பரேரி. ஷார்த்ரூஸ் பிரான்ஸின் கிரனோபிள் பக்கத்து மலையில் வாழும் துறவிகளின் மடத்துச் செய்முறை, 130 தாவரம் சேர்க்கிறார்கள், பச்சை 55 வீதம். சிரிஞ்சில் பத்தைத் தாண்டினால் அது மட்டும்தான் பேசும். வெர்மூத் திராட்சை வைன் வகை, திறந்ததும் பிரிட்ஜில் வைத்து ஒரு மாதத்தில் முடியுங்கள். வெளியே வைத்தால் எங்கள் வெயிலில் காடியாகிவிடும்.

ஆட்கள் வரும் நாளில்

திருவிழாவுக்கு நாலு பேர் வந்திருக்கும்போது ஒவ்வொன்றாகக் கலக்கிக்கொண்டிருக்க முடியாது, கரண்டும் எப்போது போகும் என்று தெரியாது. இங்கேதான் தண்ணீரை அளக்கப் பழகியது கைகொடுக்கும். ஒரு போத்தலில் விஸ்கி 240 மி.லீ., பெனடிக்டின் 60, பிற்றர்ஸ் எட்டு உதறல், வடிகட்டிய தண்ணீர் 90. ஐஸ் செய்யவேண்டிய வேலையை நீங்களே அளந்து ஊற்றிவிட்டீர்கள். மூடி, கவிழ்த்துக் கலந்து, முதல் நாள் இரவே ஃப்ரீசரில் வையுங்கள். கல்லாக உறையாது, மேலே மெல்லிய ஐஸ் கட்டினால் குலுக்கினால் கரைந்துவிடும். நாலு கிளாஸுக்கும் 97 மி.லீ. அளவில் வரும். தோடம்பழத் தோலை மட்டும் ஊற்றிய பிறகு சீவுங்கள், பக்கத்தில் ஒரு தட்டு வறுத்த கச்சான் வையுங்கள். போன ஆடியில் மச்சான் திரும்ப வந்தபோது அந்தப் போத்தல் ஃப்ரீசரில் தயாராக இருந்தது. முதல் மிடறுக்குப் பிறகு அவர் கேட்டது ஒன்றுதான்: ‘தண்ணி எவ்வளவு விட்டனீ?’